தடுப்பூசி இலவசம், சரி, கணக்கு எங்கே?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கடலூர் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் 25 வருடத்துக்கு மேல் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். மருந்துக் கிடங்கின் சாவியும், தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். என்ற குளிர்பதனப் பெட்டியின் சாவியும் எப்போதும் என் கையில்தான் இருக்கும். குழந்தைகள் தடுப்பூசிக்கு அரசு இவ்வளவு கோடி ஒதுக்கியது, அவ்வளவு கோடி செலவழித்தது என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். அந்தப் பணம் எதற்கு? மருந்து வாங்கவா, அல்லது அந்த மருந்தைக் கெடாமல் கொண்டுபோய் ஒரு குழந்தையின் தொடையில் போட்டு முடிக்கவா? இரண்டும் வேறு வேறு செலவு. முதல் செலவு எல்லோருக்கும் தெரிகிறது, இரண்டாவது யார் கண்ணிலும் படுவதில்லை. அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் யார் எதற்குப் பணம் தருகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர்களுக்கே இது தெரிவதில்லை. நம் நாட்டில் இந்தத் திட்டம் 1978இல் தொடங்கியது, 1985இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமாக விரிந்தது. வருடத்துக்கு ஏறக்குறைய 2.6 கோடிக் குழந்தைகள். பத்தில் ஒன்பது குழந்தைக்கு மேல் அரசு மையத்தில்தான் ஊசி போட்டுக்கொள்கிறது. மருந்தையும் ஊசிக்குழலையும் மத்திய அரசே வாங்கிப் பொருளாக அனுப்பிவிடுகிறது, மாநிலத்துக்குப் பணமாக வருவதில்லை. மற்ற செலவுகளுக்குத் தேசிய சுகாதார இயக்கம் வழியாகக் கொஞ்சம் வருகிறது. 2005இல் அந்த இயக்கம் தொடங்கியபோது முழுச் செலவும் மத்திய அரசுடையது. அப்புறம் 85க்கு 15 ஆனது, 75க்கு 25 ஆனது, 2015-16 முதல் 60க்கு 40. அதாவது பத்து வருடத்துக்குள் மாநிலத்தின் தலையில் 40 பங்கு வந்து இறங்கிவிட்டது. கட்டடம், டாக்டர், மருந்தாளுநர், ஓட்டுநர், மின்கட்டணம் இதெல்லாம் பெரும்பாலும் மாநிலத்தின் பொதுச் செலவில் போய்விடுவதால், அவற்றில் தடுப்பூசிக்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. மத்திய பட்ஜெட்டிலும் அதே கதைதான். முன்பு இந்தத் திட்டத்தின் பெயரும் போலியோ சொட்டு மருந்தின் பெயரும் தலைப்பிலாவது இருந்தன. இப்போது எல்லாம் ஒரே பெரிய தொகுப்புக்குள் கரைந்துவிட்டன.

சரி, ஒரு புதன்கிழமை என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

நம் ஊரில் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள், அது பாட்டிகளுக்கே தெரியும். காலை ஏழரைக்கெல்லாம் டீப் ஃப்ரீசரைத் திறந்து ஐஸ் பேக்குகளை வெளியே எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்துவிட வேண்டும். எடுத்த உடனே கேரியரில், அதாவது ஊசி மருந்தை ஊருக்குக் கொண்டுபோகும் குளிர்ப்பெட்டியில், வைக்கக்கூடாது, வைத்தால் பக்கத்தில் இருக்கும் பெண்டா என்ற ஐந்து நோய்த் தடுப்பூசி உறைந்து போய்விடும், உறைந்தால் அந்த மருந்து வெறும் தண்ணீர். அதனால் பேக்கின் மேல் முத்து முத்தாக வியர்க்கும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றையும் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பேன். உள்ளே தண்ணீர் ஆடும் சத்தம் லேசாகக் கேட்டால்தான் அது கேரியருக்குள் போகலாம். வெயில் காலத்தில் இது சீக்கிரம் ஆகும், மார்கழியில் அரை மணிக்கு மேல்கூட ஆகும். அப்புறம் குப்பிகளை எண்ணி, ஒவ்வொரு குப்பியின் மேல் இருக்கும் வட்டத்தைப் பார்க்க வேண்டும். வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம் இருக்கும், அது வெளுப்பாக இருக்கும்வரை மருந்து நல்ல மருந்து, சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்துக்குச் சமமாகிவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஐ.எல்.ஆர். வெப்பநிலை 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் இருக்கிறதா என்று காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை எழுதுவோம், ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியும் அதற்குக் கிடையாது. எட்டரைக்குக் கிராம சுகாதார செவிலியர் வந்து கேரியரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். சில ஊருக்கு பஸ், சில ஊருக்கு அவர் சொந்த ஸ்கூட்டி. பெட்ரோல் யார் கணக்கு என்று நான் கேட்டதில்லை, கேட்டிருக்க வேண்டும்.

இந்த வேலை எல்லாம் எந்த ஒதுக்கீட்டில் இருக்கிறது? நானும் ஒரு சம்பளக்காரன், செவிலியரும் ஒரு சம்பளக்காரர், அவ்வளவுதான் கணக்கு. ஒரு செவிலியருக்கு ஐயாயிரம் பேர் கொண்ட பகுதி. கர்ப்பிணிகளைப் பார்க்கிறார், பிக்மி என்ற கர்ப்பிணிகள் பதிவுத் தளத்தில் பதிவு போடுகிறார், குடும்பக் கட்டுப்பாடு, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாமே அவர்தான். அவருடைய மாதத்தில் எத்தனை நாள் தடுப்பூசிக்குப் போகிறது என்று பிரித்துப் போட்டால்தான் ஒரு குழந்தைக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்று தெரியும். ஊசி போடும் செலவில் ஆளுக்கு ஆகும் செலவுதான் பெரிய பங்கு என்பது இந்தத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் தடுப்பூசிச் செலவு என்றதும் எல்லோரும் குப்பியின் விலையைத்தான் சொல்கிறார்கள்.

வீணாவது பற்றியும் சொல்ல வேண்டும், இதில் எனக்கு ஆறாத மனக்குறை உண்டு. காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி ஒரு குப்பியில் 10 டோஸ். கரைத்துவிட்டால் நாலு மணி நேரம்தான், அதற்குமேல் வைக்கக்கூடாது. தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் போடும் எம்.ஆர். ஊசிக்கும் அதே நாலு மணி நேரம். ஒரு சின்ன ஊரில் அன்றைக்கு ஒரே குழந்தை வந்தால் என்ன செய்வது? அடுத்த வாரம் வா என்று அனுப்பினால் அந்த அம்மா திரும்ப வராமலே போகலாம். அதனால் ஒரு குழந்தைக்காகவும் குப்பியைத் திறக்கத்தான் வேண்டும், மிச்சத்தை ஊற்றத்தான் வேண்டும். பி.சி.ஜி.யில் பாதிக்குப் பாதி வீணாகும் என்று திட்டத்திலேயே ஒப்புக்கொண்டுதான் கணக்குப் போடுவார்கள். ஆனால் ஒரு முறை ஆய்வுக்கு வந்த ஒருவர் என் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, வீணான டோஸ்களுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, பொதுப்பணம் விரயம் என்று எழுதிவிட்டுப் போனார். அதற்கு நான் எழுதிக் கொடுத்த விளக்கம் இரண்டு பக்கம். அன்றைக்கு என் கூட நின்ற செவிலியர் அதற்கப்புறம் மூணு நாலு குழந்தை சேராமல் குப்பியைத் திறக்கவே பயந்தார். கணக்கைத் தப்பாகப் பார்த்தால் குழந்தைக்கு ஊசி தள்ளிப்போகும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

2011 டிசம்பர் 30, தானே புயல். அந்த விடியற்காலை கடலூரில் இருந்தவர்களுக்கு நான் எதுவும் விவரிக்க வேண்டியதில்லை. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் வரிசையாக விழுந்தன, உள்ளூர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஐ.எல்.ஆர். பெட்டி திறக்காமல் இருந்தால் கரண்ட் இல்லாமலும் கொஞ்ச நேரம் குளிர் தாங்கும், ஆனால் வாரக்கணக்கில் எந்தப் பெட்டியும் தாங்காது. அப்போது நான் இருந்த நிலையத்தில் ஜெனரேட்டர் இருந்தது, டீசலுக்குப் பணம் இல்லை. அங்கிருந்த மருத்துவ அலுவலர் தன் பையிலிருந்து காசைக் கொடுத்து, கேனில் டீசல் வாங்கிவரச் சொன்னார். அவசரச் செலவுக்கு என்று எழுதி அனுப்பிய ரசீதுகள் மூன்று மாதம் கழித்து, உரிய செலவுத் தலைப்பு இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தன. அந்த மருந்து பிழைத்தது, அதில் பல குழந்தைகளுக்கு ஊசி போட்டோம். அவருக்கு அந்தப் பணம் கடைசிவரை வரவில்லை. 2015 வெள்ளத்திலும், 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையில் தண்ணீர் கரை மீறி வந்தபோதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த டீசல் கேன்தான். வருடா வருடம் புயல் வரும் மாவட்டத்துக்கும், புயலே பார்க்காத மாவட்டத்துக்கும் மருந்தைக் கடைசிவரை குளிரிலேயே வைத்திருக்கும் குளிர்ச் சங்கிலியின் பராமரிப்புக்கு ஒரே அளவுகோலில் பணம் கொடுத்தால் எப்படிப் போதும்?

அப்புறம் குடும்பத்தின் செலவு. இலவசம் என்று போர்டு வைத்திருக்கிறோம், ஊசியும் இலவசம்தான். ஆனால் கடலோர ஊரிலிருந்து ஒரு பாட்டி பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து, "சார், இன்னைக்கு படகு வந்துடுச்சு, ஏலத்துக்குப் போகலைன்னா அவளுக்கு இன்னைக்கு ஒண்ணும் கிடையாது, அதான் நான் வந்தேன், சீக்கிரம் போட்டு அனுப்புங்க" என்றார். மகள் மீன் விற்கப் போயிருந்தாள். பாட்டிக்கு ஷேர் ஆட்டோ போக வர, வெயிலில் காத்திருப்பு, ராத்திரி காய்ச்சல் வந்தால் அடுத்த நாள் மகளும் வேலைக்குப் போக முடியாது. ஆறாவது வாரத்தில் இப்போது மூன்று ஊசியும் இரண்டு சொட்டு மருந்தும் சேர்ந்து போகிறது, நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு முத்தடுப்பு ஊசியும் போலியோ சொட்டும்தான். நோய்கள் குறைந்தது நல்லது, ஆனால் வரவேண்டிய நாட்களும் ராத்திரி அழுகையும் யாரோ ஒருவரின் கூலியைத் தின்கின்றன. இன்னொரு பக்கம், வலியில்லாத ஊசி என்ற ஒரே வார்த்தைக்காகத் தனியார் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர்களும் நம் ஊரில் நிறைய. நகையை அடகு வைத்துப் போட்டவர்களையும் எனக்குத் தெரியும். காய்ச்சலும் வீக்கமும் குறைவு என்பதைத் தவிர, அரசு ஊசியைவிட அது குழந்தையைக் கூடுதலாகக் காப்பாற்றிவிடாது என்று அவர்களுக்குப் பொறுமையாக உட்கார்ந்து சொல்ல நம் நிலையத்தில் யாருக்கும் நேரம் இல்லை. இந்தப் பணமும் நாட்டின் தடுப்பூசிச் செலவுதானே?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பு, அதில் பிரசவத்துக்குப் பிறகு வரும் தவணை குழந்தைக்கு உரிய ஊசி போட்டதோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பாட்டிகள் பல பேர் தேதி தவறாமல் வருவதற்கு அதுவும் ஒரு காரணம், நான் பார்த்திருக்கிறேன். என் பார்வையில் அந்தப் பணமும் தடுப்பூசிக்கான முதலீடுதான், ஆனால் எந்த அறிக்கையிலும் அந்தத் தலைப்பில் வராது. தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் முழுத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் 2015-16இல் 100க்கு 70 பேர், 2019-21இல் 89 பேர். பெரிய ஏற்றம். ஆனால் இந்த ஏற்றம் எந்தச் செலவால் வந்தது? செவிலியரால் வந்ததா, நிதியுதவியால் வந்ததா? செலவைப் பிரித்து எழுதி வைத்திருந்தால் சொல்லலாம். எழுதி வைக்கவில்லை, அதனால் நாளைக்கு நிதி நெருக்கடி என்றால் எதை வெட்டக்கூடாது என்றும் தெரியாது.

கடலூருக்கு என்று ஒரு தனிச் சிக்கல் வேறு இருக்கிறது, புதுச்சேரி எல்லை. இங்கே பாதிப் பேருக்குப் பிறந்த வீடு ஒரு பக்கம், புகுந்த வீடு ஒரு பக்கம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். பாகூர் பெண்ணை நெல்லிக்குப்பத்தில் கட்டிக் கொடுத்திருப்பார்கள், பிரசவம் புதுச்சேரி அரசு மருத்துவமனையில் நடக்கும், பிறந்த அன்று பி.சி.ஜி.யும் சொட்டு மருந்தும் கல்லீரல் அழற்சி ஊசியும் அங்கே. ஆறாவது வாரம், பத்தாவது வாரம் தாய் வீட்டுப் பக்கத்திலேயே. ஒன்பதாவது மாதம் எம்.ஆர். நெல்லிக்குப்பத்தில். நம் பக்கத்திலிருந்து பிரசவத்துக்கு ஜிப்மர் போகிறவர்களும் உண்டு, அது மத்திய அரசு நிறுவனம். ஆக ஒரு குழந்தைக்கு மூன்று அரசின் பணம். அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தால் சரி, தொலைத்துவிட்டால் போட்ட ஊசியைத் திரும்பப் போடுவோம், இல்லை என்றால் போடாததைப் போட்டதாக நினைத்துக்கொள்வோம். எந்தக் குழந்தையை எந்த மாவட்டத்தின் இலக்கில் வைப்பது என்பதே தகராறாக இருக்கும்போது, ஒரு குழந்தைக்கு இவ்வளவு செலவு என்று கடலூர் சொல்வதும் புதுச்சேரி சொல்வதும் எப்படிச் சரியாக இருக்கும்?

வெளிநாட்டுப் பணம் பற்றி நிறையத் தவறான பேச்சு உலவுகிறது. காவி என்று ஒரு உலகத் தடுப்பூசிக் கூட்டமைப்பு 2000இல் தொடங்கியது (அரசியல் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). பெண்டா ஊசியை 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் இந்தியாவிலேயே முதலில் போட்டோம், அதற்கு ஆரம்பத்தில் உதவியது அவர்கள் பணம். 2016 முதல் 2021 வரை இந்தியாவுக்கு 50 கோடி டாலர் வரை தருவதாக ஒப்பந்தம். நம் நாடும் அந்த அமைப்புக்குப் பணம் தருகிறது, 2020இல் ஒன்றரைக் கோடி டாலர் தருவதாகச் சொன்னது. அவர்கள் எல்லாச் செலவையும் ஏற்பதில்லை. புதிய ஊசியைத் தொடங்கி வைப்பார்கள், சில வருடம் கழித்துக் கையை எடுத்துவிடுவார்கள், மிச்சம் நம் பாடு. தொடங்கும்போது கைதட்டுகிறோம், கையை எடுக்கும்போது அந்தச் செலவு எந்தப் பெட்டியிலிருந்து வரும் என்று யாரும் கேட்பதில்லை. புதிய ஊசிகளின் விலையும் சும்மா இல்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு கணக்குப் போட்டது: ஏழை நாட்டில் ஒரு குழந்தைக்கான மொத்தத் தடுப்பூசிகளின் மருந்து விலை 2001இல் 67 சென்ட், 2014இல் 45 டாலருக்கு மேல். இதுவும் குறைந்தபட்ச விலையில். நிமோனியாவுக்கான பி.சி.வி. ஊசி நம் நாட்டில் 2017இல் சில மாநிலங்களில் தொடங்கினாலும், நாடு முழுக்க வர 2021 ஆகிவிட்டது. நாலு வருடம். இடைப்பட்ட காலத்தில் வசதி உள்ளவன் குழந்தைக்குத் தனியாரில் போட்டான்.

2025 ஜூனில் பிரஸ்ஸல்ஸில் காவி கூட்டமைப்பு அடுத்த ஐந்து வருடத்துக்கு 1,190 கோடி டாலர் கேட்டது, 900 கோடிக்குக் கொஞ்சம் மேல்தான் வாக்குறுதி வந்தது, அமெரிக்கா இனித் தரமாட்டோம் என்றுவிட்டது. நமக்கு என்ன என்று இருந்துவிடக் கூடாது. ஆப்பிரிக்காவில் கானா தடுப்பூசியில் நல்ல பெயர் வாங்கிய நாடு. 2023 தொடக்கத்தில் அங்கே பணமதிப்பு விழுந்து, அரசு தன் பங்கை நேரத்துக்குக் கட்டாததால் பி.சி.ஜி., தட்டம்மை, போலியோ மருந்துகளே தீர்ந்துபோயின. தாய்மார்கள் குழந்தையோடு ஊர் ஊராக அலைந்தார்கள், தட்டம்மை பரவியது. ஒரு நாட்டின் தடுப்பூசி நிதியை மதிப்பிடுவது என்றால் இந்த வருடம் எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதாது. அடுத்த வருடம் வருமா, வருவது நேரத்துக்கு வருமா, யாராவது ஒருவர் கையை விரித்தால் மிச்சப் பேர் தாங்குவார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

நேரத்துக்கு வராத கதை நமக்கும் தெரியும். 2008 ஜனவரியில் கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், இமாசலத்தில் கசௌலி என்று மூன்று அரசு நிறுவனங்களின் தடுப்பூசி உற்பத்தி உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். தரவிதிமுறை என்று காரணம் சொன்னார்கள், அது தேவையான விதிதான், ஆனால் மாற்று ஏற்பாடு செய்த பிறகல்லவா நிறுத்த வேண்டும்? 2010இல் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். இடையில் நான் இண்டெண்ட் போட்ட அளவுக்கு மருந்து வராத மாதங்கள் உண்டு. குன்னூர் 1907இல் தொடங்கிய நிறுவனம், கிண்டி 1948இல். செங்கல்பட்டில் 594 கோடி ரூபாய்த் திட்டமாக ஒரு பெரிய தடுப்பூசி வளாகம் கட்டினார்கள், 2021 மே மாதம் கொரோனா உச்சத்தில் இருந்தபோது முதலமைச்சர் நேரில் போய்ப் பார்த்தார், அப்போதும் உற்பத்தி தொடங்காமல்தான் கிடந்தது. உலகத்துக்கே தடுப்பூசி செய்து தரும் நாடு நம்முடையது, புனேவிலும் ஐதராபாத்திலும் தனியார் நன்றாகச் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கிண்டியில் மருந்து செய்தால் அது சென்னையிலிருந்து என் ஐ.எல்.ஆர். பெட்டிக்கு ஒரே நாளில் வந்துவிடும்.

இப்போது என் கோரிக்கை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வருடா வருடம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு படிவம் அனுப்பி, தடுப்பூசிக்கு அரசு எவ்வளவு செலவழித்தது என்று கேட்கின்றன. டெல்லி பதில் எழுதுகிறது. அதே கேள்வியைக் கடலூர் மாவட்டத்துக்கும் புதுச்சேரிக்கும் கேட்டு, பதிலைத் தமிழில் ஒரே பக்கத்தில் போடச் சொல்லுங்கள். மருந்தின் விலை, ஆட்களின் நேரம், வண்டி, டீசல், பழுது பார்த்தது, திறந்து ஊற்றியது, மகப்பேறு நிதியில் ஊசிக்காகக் கொடுத்தது, கடைசியில் அந்தக் குடும்பம் தன் கையிலிருந்து விட்டது. இந்தக் கடைசி ஒன்றைச் செவிலியர் ஒரு மாதம் கேட்டு எழுதினாலே தெரிந்துவிடும். அந்தப் பக்கத்தை ஒவ்வொரு சுகாதார நிலைய வாசலிலும் ஒட்டட்டும், மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் ஒரு தடவை வாசிக்கட்டும். குடிநீர்க் கணக்கும் தெருவிளக்குக் கணக்கும் வாசிக்கிற சபையில் குழந்தை ஊசிக் கணக்கை வாசிக்க என்ன தடை? புயல் நாளில் டீசல் வாங்க ஒரு தனித் தலைப்பும் அதில் இருக்கட்டும், மருத்துவ அலுவலரே கையெழுத்துப் போட்டு எடுக்கிற மாதிரி.

அதுவரை, உங்கள் நிருபர் ஒருவரை ஏதாவது ஒரு புதன்கிழமை எங்கள் பக்கம் அனுப்புங்கள். எட்டரைக்கு வந்தால் கேரியர் கிளம்பியிருக்கும், ஏழரைக்கே வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
கடலூர் முதுநகர்.